பொங்கல் அறுவடைத் திருநாள்தானா?

மார்கழி கடைசி வாரம் வந்தால் போதும், எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் கட்டுரை ஒன்று வந்து விழும். அனுப்புகிறவர் மாறுவார், கட்டுரை மாறாது. பத்திரிகைகளின் பொங்கல் இணைப்பு, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி, யூடியூப் காணொளி என்று எங்கே போனாலும் அதே சரக்குதான். சூரியன் வடக்கே திரும்பும் நாள், சங்க காலத்திலேயே இருந்த விழா, உழவர்கள் இயற்கைக்கு நன்றி சொல்லும் அறுவடைத் திருநாள், நான்கு நாளுக்கு நான்கு பொருள். கடைசியில் ஒரு வாழ்த்து.

புத்தக விமர்சனம் எழுதுவதுபோல இந்தக் கட்டுரையையும் வரிவரியாகப் படித்துப் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தர் எழுதியது என்றால் விட்டுவிடலாம். இது நாம் எல்லாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை. பண்டிகையைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. அதனால்தான் எடுத்துக்கொள்கிறேன்.

"அறுவடைத் திருநாள்" என்ற பெயர்மேல் எனக்கு மரியாதை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன நூற்றாண்டில் திராவிட இயக்கமும் தமிழறிஞர்களும் பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்னால் கொண்டுவந்தபோது, சாதியும் மதமும் பார்க்காமல் எல்லாரும் நுழையக்கூடிய ஒரு வாசலாக அந்தப் பெயர் உதவியது. சர்ச் வளாகத்திலும் கல்லூரி மைதானத்திலும் பானை வைக்கிறோம் என்றால் அந்தப் பெயருக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஆனா அதே பெயர் ஒரு வேலையைக் கெடுத்தும் வைத்திருக்கிறது. "அறுவடையைக் கொண்டாடுகிறோம்" என்று சொல்லி முடித்ததும், அறுத்தது யார், முதலில் சாப்பிட்டது யார், களத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்பதெல்லாம் கேட்கத் தேவையில்லாத கேள்விகள் ஆகிவிடுகின்றன. பழைய வழக்கங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அந்தக் கேள்விகள்தான் விழாவாகவே இருந்திருக்கின்றன.

வழக்கமான மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம் சூரியன். தை ஒன்றாம் தேதி சூரியன் வடக்கே திரும்புகிறது என்கிறார்கள். வானத்தில் அது டிசம்பர் 21, 22 தேதிகளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நாம் கொண்டாடுவது நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் மகர ராசிக்குள் சூரியன் நுழையும் நாள். இந்த இரண்டும் சுமார் 1,700 வருஷங்களுக்கு முன் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஏறக்குறைய 70 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே வந்து, இப்போது மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி. ராஜேந்திர சோழன் காலத்தில் தை ஒன்று, பருவத்தோடு வைத்துப் பார்த்தால், இப்போது இருப்பதைவிட இரண்டு வாரம் முன்னாலேயே வந்திருக்கும். நெல் முற்றுவது பருவத்தைப் பார்த்து. தை பிறப்பது நட்சத்திரக் கணக்கைப் பார்த்து. இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தேதியை அறுவடையின் பிறப்புச் சான்றிதழாக வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது விளக்கம் சங்க காலம். இதற்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது தைந்நீராடல். நற்றிணை, ஐங்குறுநூறு, கலித்தொகை, பரிபாடல் எல்லாவற்றிலும் அது வருகிறது, உண்மைதான். ஆனால் அது இளம்பெண்கள் தை மாதத்தில் குளிர்ந்த நீரில் ஆடி நோன்பு இருக்கும் வழக்கம். நல்ல கணவன், நல்ல மழை என்று வேண்டுதல்கள் இருக்கலாம். நெல்லும் பானையும் அங்கே மையத்தில் இல்லை. அதற்கும் திருப்பாவைக்கும் உறவு சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு அதைச் சாட்சி கூப்பிடுவது, மாதத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் செய்கிற வேலை.

மூன்றாவது, "புதியீடு". எங்கள் மாவட்டத் தலைநகரான திருவள்ளூர் வீரராகவர் கோயிலில் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு ஒன்று இந்த விழாவைச் சொல்கிறது என்று இணையத்தில் பல பக்கங்கள் எழுதுகின்றன. கல்வெட்டு எண்ணோடு எழுதினால் எல்லாருக்கும் நல்லது. அதை ஒத்துக்கொண்டே பார்ப்போம். அந்தச் சொல் என்ன சொல்கிறது? புதிது, ஈடு. புதியதை இடுதல், அதாவது புது விளைச்சலைப் படைத்தல். அறுவடை முடிந்த சந்தோஷம் அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. அறுவடையின் முதல் பிடியை என்ன செய்வது என்பதுதான் இருக்கிறது. அறுவடைத் திருநாளுக்கு ஆதாரமாகக் கொண்டுவந்த சாட்சி வேறு ஒரு விழாவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறது.

தேதி வேறு, வயல் வேறு

அந்த வேறு விழா இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேடினால், தமிழ் பேசும் இடங்களிலேயே இரண்டு கிடைக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நெல்லுக்கு இரண்டு பூ. கன்னிப்பூ, கும்பப்பூ. கன்னிப்பூ சித்திரை, வைகாசியில் விதைத்து ஆவணி வாக்கில் அறுப்பது. கும்பப்பூ ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுப்பது. தை ஒன்றாம் தேதி அங்கே வயலில் பயிர் பச்சையாக நிற்கும். பொங்கல் வைக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் புது நெல்லுக்கென்று தனியாக ஒரு நாள் இருக்கிறது. ஆடி மாதத்தில் கோயில்களில் நிறைபுத்தரிசி பூஜை நடக்கும். முற்றத் தொடங்கிய கதிர்களைக் கட்டாகக் கொண்டுவந்து சுவாமிமுன் வைத்துப் பூசை செய்து, ஆளுக்குக் கொஞ்சம் கதிர் பிரசாதமாகக் கொடுப்பார்கள். அதை வீட்டு வாசலிலோ பூசை அறையிலோ கட்டி வைப்பார்கள். பழைய திருவிதாங்கூர்ப் பழக்கம். சபரிமலையிலும் இதற்கென்று நடை திறக்கிறார்கள்.

இரண்டாவது யாழ்ப்பாணம். அங்கே காலபோக நெல் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பது. தை கடைசி, மாசி என்று அறுவடை இழுக்கும். தைப்பொங்கலைப் பெரிதாகவே கொண்டாடுகிறார்கள். ஆனால் "புதிர் எடுத்தல்" என்று ஒரு வழக்கம் தைப்பூசத்தோடு சேர்ந்து தனியாக இருக்கிறது. நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்கு மறவன்புலவில் வயல் உண்டு. தைப்பூசத்தையொட்டி அங்கே போய்ப் பூசை செய்து, கதிர் அறுத்துக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த நெல்லைக் குத்தி எடுத்த அரிசியில் அமுது படைக்கப்படும். வீடுகளிலும் அன்றைக்குத்தான் புது அரிசிச் சோறு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெளிவாகிறது. பொங்கல் தேதியும் வயலும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அங்கே முதல் சோற்றுக்குத் தனி நாள் இருக்கிறது. நம்ம பக்கத்தில், அதாவது பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் காவிரிப் படுகையிலும், ஆவணியை ஒட்டி விதைத்த சம்பா தையில் அறுப்புக்கு வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் ஒன்றாகக் கலந்துவிட்டன. கலந்ததை நாம் ஒன்று என்று நினைத்துக்கொண்டோம். அப்புறம் குறுகிய கால ரகங்களும் கிணற்றுப் பாசனமும் பரவி, திருவள்ளூர்ப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வருஷத்தில் மூன்று பட்டம் ஆனபோது, எது "முதல்" நெல் என்ற கேள்வியே குழம்பிப்போனது. நவரைக்கு நாற்று விடுகிற வயலுக்குப் பக்கத்திலேயே சம்பா அறுப்பு நடக்கும்.

மேற்கு ஒடிசாவில் நுவாகாய் என்று இதே போன்ற விழா. "நுவா" புதிது, "காய்" உண்பது. முன்பெல்லாம் பயிரைப் பார்த்து ஊருக்கு ஊர் தனியாக நாள் குறிப்பார்கள். 1991 முதல் பாத்ரபத மாத வளர்பிறைப் பஞ்சமி என்று ஒரே நாளாக்கினார்கள். எல்லாரும் ஒன்றாகக் கொண்டாட வசதி, அரசு விடுமுறைக்கும் வசதி. அன்றைக்கு நெல் முற்றியிருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். நம்மிடம் எப்போதோ நடந்து முடிந்தது, அங்கே நம் கண்முன்னால் நடந்திருக்கிறது.

முதல் சோறு எதற்கு?

சரி, முதல் பிடியைச் சாமிக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவதில் என்ன பெரிய விஷயம்? நன்றி சொல்வதுதானே என்று கேட்கலாம்.

சங்க இலக்கியத்தில் இதற்கு நேரான சாட்சி ஒன்று இருக்கிறது. பொங்கல் கட்டுரைகள்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. குறுந்தொகையின் 105ஆம் பாட்டு, நக்கீரர் பாடியது. மலைப்புனத்தில் கடவுளுக்கென்று விட்ட புதுத் தினைக்கதிர். அது அப்படிப்பட்ட கதிர் என்று தெரியாமல் ஒரு மயில் தின்றுவிடுகிறது. தின்ற மயில் சாமியாடும் பெண்ணைப்போல வெப்பம் ஏறி நடுங்குகிறது. பாட்டின் நோக்கம் காதல் விஷயம்தான், தலைவி தன் நிலையைச் சொல்ல எடுத்த உவமை அது. ஆனால் உவமைக்குப் பின்னால் நிற்கும் வழக்கத்தைப் பாருங்கள். அங்கே பேசப்படுவது நன்றி இல்லை, வரிசை. யாருக்கு முன்னால் யார் சாப்பிடக் கூடாது என்ற வரிசை. அதை மீறினால் உடம்பு நடுங்கும் என்கிற அளவுக்கு அந்த வரிசை பலமாக இருந்திருக்கிறது.

நெல் ஊரில் இதை யோசித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து மார்கழி வரும்போது குதிரில் பழைய நெல் அடி தட்டும். கடன் நெல் வாங்கித் தின்றவன் வீட்டில் ஏற்கெனவே தட்டியிருக்கும். வயலில் கதிர் பால் பிடித்து நிற்கிறது. பசித்தவன் கை சும்மா இருக்குமா? முற்றாத கதிரை அறுத்தால் பாதி பதர். ஒரு வீடு அறுத்தால் எல்லா வீடும் அறுக்கும். "புதிர் எடுக்கும்வரை யாரும் தொடாதே" என்ற கட்டுப்பாடு அந்த இரண்டு மூன்று வாரத்தைத் தாண்ட ஊருக்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்ற பழமொழியை நாம் இப்போது கல்யாணத்துக்கும் வேலைக்கும் சொல்கிறோம். மார்கழியில் குதிர் காலியான வீட்டில் உட்கார்ந்து கேட்டால் அதற்கு வேறு கனம் இருந்திருக்கும்.

இன்னொன்று, சமையல் விஷயம். புது அரிசி சோற்றுக்கு உகந்தது இல்லை. தண்ணீர் குறைவாக வாங்கும், குழைந்துவிடும், வயிற்றுக்கும் ஆகாது என்பார்கள். அதனால்தான் வசதியுள்ள வீடுகளில் ஒரு வருஷப் பழைய அரிசிக்குத் தனி மதிப்பு. குழையும் அரிசியை என்ன செய்யலாம்? பொங்கலாக்கலாம். வெல்லமோ பருப்போ சேர்த்துக் குழைய விடுவதுதான் அந்த அரிசிக்கு ஏற்ற பக்குவம். பழைய அரிசி இருப்பவனுக்குப் புது அரிசி ஒரு நாள் சடங்கு. இல்லாதவனுக்கு அன்றிலிருந்து தினமும் அதுதான் சோறு. ஒரே பானையில் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். "உழவர் திருநாள்" என்று சொல்லும்போது இந்த இரண்டு பேரில் யாரைச் சொல்கிறோம்?

களத்துமேட்டுக் கணக்கு

நான் இருக்கும் காட்டுப்பாக்கம் மவுண்ட் பூந்தமல்லி ரோட்டில், ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் நடுவே இருக்கிறது. 1763இல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர் என்பது இந்தச் சுற்றுவட்டாரம்தான். இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள். அங்கே என்ன விளைகிறது, யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். அதன் அடிப்படையான ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. காந்தியரான தரம்பால் இந்த ஆவணங்களின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தின் ஜிதேந்திர பஜாஜும் எம்.டி.ஸ்ரீநிவாசும் அவற்றைப் படித்து எழுதினார்கள்.

அந்தக் கணக்குகளில் வரும் ஒரு சொல் மேரை. களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்கும் நிலக்காரருக்கும் பிரிப்பதற்கு முன்னாலேயே, மொத்தப் பொலியிலிருந்து எடுத்து வைக்கும் பங்கு. கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியானுக்கு, உழுது அறுத்தவர்களுக்கு. ஒருவருடைய தயவில் கிடைப்பது இல்லை. எத்தனை மரக்கால், எந்தக் கட்டத்தில் என்று எழுதி வைத்த உரிமை. களத்தில் அளப்பவர் ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்றுதான் தொடங்குவார். அந்த "லாபம்" பலபேருக்கு உரியது என்பது கணக்கிலேயே இருந்தது.

பஜாஜும் ஸ்ரீநிவாசும் இதை வைத்து, நிறைய விளைவித்து நிறையப் பகிர்ந்த சமூகம் என்று ஒரு சித்திரம் வரைகிறார்கள். 1996இல் வந்த அவர்களுடைய "அன்னம் பஹு குர்வீத" புத்தகத்தின் சாரமும் அதுதான். மேரையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனா அந்தச் சித்திரத்தை அப்படியே மாட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. பங்கு எல்லாருக்கும் உண்டு, சரி. யாருக்கு எவ்வளவு என்பதும், யார் களத்துக்குள் நிற்கலாம், யார் ஓரமாக நின்று வாங்கிக்கொள்ளவேண்டும் என்பதும் பிறப்பில் முடிவானது. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நெல்லை விளைவித்தவர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தம் இல்லை என்பது அதில் வரும் முக்கியமான செய்தி. மறுவருஷம், 1892இல் வந்த அரசாணைகள்தான் பஞ்சமி நிலங்களுக்குத் தொடக்கம். மேரை ஒருவனை உயிரோடு வைத்திருந்தது, விடுதலை தரவில்லை.

ஆக இரண்டு பக்கமும் ஒரு பிசகு இருக்கிறது. "அன்றைக்கு எல்லாரும் பகிர்ந்து உண்டோம்" என்பவர்கள் வரிசையை மறைக்கிறார்கள். "அறுவடைத் திருநாள், எல்லாருக்கும் பொது" என்பவர்கள் பங்கையே மறந்துவிட்டார்கள். முதல் சோற்று விழாவில் இரண்டும் வெளிப்படையாக இருந்தன. சாமிக்கு முதல், நிலக்காரருக்கு அடுத்து, கடைசியில் நிற்பவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பல ஊர்களில் காணும் பொங்கலன்று வேலை செய்கிறவர்கள் நிலக்காரர் வீட்டுக்குப் போய்க் "கண்டு" நெல்லும் துணியும் வாங்கிவந்ததையும் இந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கவேண்டும். நாம் அதை மெரினாவுக்குப் போகும் நாளாக்கிக்கொண்டோம். ஒருவிதத்தில் அது முன்னேற்றம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு ஆகஸ்ட் 1

விழாவோடு உரிமை ஒட்டிக்கொண்டிருப்பது நம் ஊர் விசித்திரம் இல்லை. இங்கிலாந்தில் ஆகஸ்ட் 1 லம்மஸ். ரொட்டிப் பூசை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். கோதுமை அறுப்பின் தொடக்கத்தில், புதுக் கோதுமையில் சுட்ட முதல் ரொட்டியைச் சர்ச்சுக்குக் கொண்டுபோவார்கள். அவர்களுடைய நிறைபுத்தரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நாளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. "லம்மஸ் நிலம்" என்று சில புல்வெளிகள். அன்றுவரை அவை தனியார் புல்லுக்கு. அன்றிலிருந்து ஊரார் மாடு மேய்க்கலாம்.

1892இல் கிழக்கு லண்டனில் லேட்டன் என்ற இடத்தில் ஒரு தண்ணீர்க் கம்பெனி அப்படிப்பட்ட நிலத்தில் தண்டவாளம் போட்டது. அதற்குள் லேட்டன் வயல் ஊர் இல்லை, லண்டனின் புறநகர். இருந்தும் ஆகஸ்ட் 1 அன்று மக்கள் கூட்டமாகப் போய் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். வழக்கு, சமரசம் என்று பல வருஷம் இழுத்துக் கடைசியில் அந்த நிலம் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சியின் கைக்கு வந்தது. ரொட்டிப் பூசை மறந்துபோன காலத்திலும் அந்தத் தேதி ஓர் உரிமையை ஞாபகம் வைத்திருந்தது.

நம்மிடம் மாட்டுப் பொங்கல் இருக்கிறது. மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கிறோம். மாடு மேய்வதற்கென்று ஊர்ப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு இனம் உண்டு, மந்தைவெளி உண்டு. சென்னைக்குள் மந்தைவெளி இப்போது ஒரு ரயில் நிலையத்தின் பெயர். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கச் சொல்லி 2011 ஜனவரி 28 அன்று, ஜக்பால் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மாட்டுப் பொங்கல் கழிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எந்தப் பொங்கல் கட்டுரையிலும் இந்தத் தீர்ப்பைப் பார்த்ததில்லை. மாட்டுக்கு நன்றி சொல்வார்கள், அது எங்கே மேயும் என்று கேட்கமாட்டார்கள்.

இணையத்தில் காட்டுப்பாக்கம் என்று தேடினால் சில சமயம் வேறொரு காட்டுப்பாக்கம் வரும். பொத்தேரிப் பக்கம் இருப்பது, கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர். மாடு வேண்டுமென்றால் அந்தக் காட்டுப்பாக்கத்துக்குத்தான் போகவேண்டும்.

இங்கே யாருக்கு எந்தப் பங்கு?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி. வயலுக்கென்று வெட்டிய ஏரி, இப்போது சென்னையின் குடிதண்ணீர். ரோட்டில் மெட்ரோ பாலம். பொங்கலுக்கு அரிசி சூப்பர் மார்க்கெட்டிலிருந்தும், கரும்பும் மஞ்சள் கொத்தும் கோயம்பேட்டிலிருந்தும் வருகின்றன. இங்கே அறுவடை இல்லை. "அறுவடைத் திருநாள்" என்றால் இங்கே வெறும் ஞாபகார்த்தம். ஆனால் பங்கு என்று கேட்டால் விழா இங்கேயும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ரேஷன் கடை வரிசையைப் பாருங்கள். 2023 பொங்கலுக்கு அரிசி அட்டை வைத்திருந்த 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, 1,000 ரூபாய், ஒரு முழுக் கரும்பு. முதல் அறிவிப்பில் கரும்பு இல்லை. அரசு வாங்கும் என்று நம்பிச் செங்கரும்பு போட்டிருந்த விவசாயிகள் போராடினார்கள், அப்புறம் சேர்த்தார்கள். டிவியில் இதை "இலவசம்" என்று கிண்டல் செய்யாத வருஷம் இல்லை. எனக்கு இது மேரையின் மிச்சமாகத் தெரிகிறது. பிறப்பைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துக் கொடுப்பதால் பழையதைவிட நல்ல மேரை என்றே சொல்வேன். கிடங்கிலிருந்து வரும் அரிசி இந்த வருஷத்துச் சம்பாவாக இருக்காது. பரவாயில்லை. பொங்கலுக்கு ஒரு பங்கு வரவேண்டும், வராவிட்டால் கேட்கலாம் என்ற எண்ணம் அந்த வரிசையில் நிற்கிறவர்களிடம் இருக்கிறது. தேதிக்கு உரிமை ஒட்டியிருப்பது என்றால் அதுதான்.

அந்த வரிசையில் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு வருஷா வருஷம் ஒடிசாவின் பொலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். அது மேலே சொன்ன நுவாகாய் கொண்டாடும் பகுதி. ஊரில் நுவாகாய் செலவுக்குக் கையில் காசு இல்லாத சமயம் பார்த்து ஏஜெண்ட் முன்பணம் கொடுப்பார். அதைக் கழிக்க மழை முடிந்ததும் இங்கே வந்து, கோடை வரைக்கும் கல் அறுப்பார்கள். கொத்தடிமை முறை என்று அதிகாரிகள் புகுந்து மீட்ட சம்பவங்கள் இந்த மாவட்டத்தில் பலமுறை நடந்திருக்கின்றன. புது அரிசி சாப்பிடுவதற்காகக் கடன் வாங்கியவர்கள், நாம் பொங்கல் வைக்கிற அன்று நம் மாவட்டத்துச் சூளையில் இருக்கிறார்கள். இங்கே எழும்புகிற வீடுகளின் சுவர் அவர்கள் அறுத்த கல்தான். நம் பொங்கல் பரிசுப் பட்டியலில் அவர்கள் பெயர் கிடையாது.

அந்த வாட்ஸ்அப் கட்டுரையைத் திருத்தி எழுதச் சொன்னால் நான் சங்க காலத்தையோ சூரியனையோ பற்றி அதிகம் எழுதமாட்டேன். முதல் சோற்று விழா ஒரு வரிசையை ஊரறிய நிறுத்திக் காட்டியது என்று எழுதுவேன். அந்த வரிசை நியாயமானது இல்லை. ஆனால் கடைசியில் யார் நிற்கிறார் என்பது அதில் தெரிந்தது, கேட்கவும் முடிந்தது. நம் பொங்கலில் அது தெரிவதில்லை. "எல்லாருக்கும் இனிய பொங்கல்" என்று அனுப்புவதற்கு முன்னால், எல்லாரும் என்பதில் சூளைக்காரக் குடும்பமும் மெட்ரோ பாலத்தடித் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவரும் உண்டா என்று ஒரு வரி சேர்ப்பேன். குழுவில் சண்டை வரும். வரட்டும், பழைய களத்துமேட்டிலும் பங்குச் சண்டை வராத வருஷம் இருந்திருக்காது.